ஷோனபெர்க் நடைக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில் நம் பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்த யூத இனப்படுகொலை வரலாற்று நடை போன சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. சுரங்க ரயில் நிலையத்தின் எந்த வாசல் என்று நான் தப்பாக எழுதியதால் பாதிப் பேர் அலைந்தீர்கள். மழை வேறு. மன்னித்துவிடுங்கள்.

முதல் நன்றி, வழிகாட்டிய ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சருக்கு. காசு வாங்கவில்லை, பேரையும் போடாதே என்று சொல்லிவிட்டார். பயரிஷர் பிளாட்ஸ் என்ற சதுக்கத்தைச் சுற்றி விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் இருக்கின்றன, 1993இல் மாட்டியவை. ஒரு பக்கம் பாலர் பாடப் புத்தகத்தில் வருவது மாதிரி படம். பின்பக்கம், நாஜி அரசு யூதர்கள்மேல் போட்ட தடைகளில் ஒன்று. பூனைக்குப் பின்னால், யூதர்கள் இனிச் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது, 1942 மே 15. ரொட்டிக்குப் பின்னால், பெர்லினில் யூதர்கள் மாலை நாலிலிருந்து ஐந்து மணிக்குள்தான் உணவுப் பொருள் வாங்கலாம், 1940 ஜூலை 4. “அதுக்குள்ள ரொட்டி தீர்ந்துபோனா?” என்று ஒரு குட்டிப்பெண் கேட்டாள். டீச்சர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.

அப்புறம், மொழிபெயர்த்த கல்லூரித் தம்பிக்கு. ஹிட்லர் ஆட்சியைக் கவிழ்த்துப் பிடித்தார் என்றுதான் நானே நினைத்திருந்தேன். இல்லையாம். 1933 ஜனவரி 30 அன்று முறைப்படி பிரதமராக நியமிக்கப்பட்டார். மார்ச் 23 அன்று நாடாளுமன்றமே, சட்டம் போடும் அதிகாரத்தை அவர் அரசுக்குத் தூக்கிக் கொடுத்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையில் அல்லது தலைமறைவில். தம்பி “தாரைவார்த்தது” என்று சொல்ல, இங்கே பிறந்த பிள்ளைகள் விழித்தார்கள். கூட வந்த பாட்டி குடையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கையைக் குவித்துத் தண்ணீர் ஊற்றுவது போலக் காட்டினார்: “கல்யாணத்துல பொண்ணைக் கொடுக்கிற மாதிரி. ஊத்தினா ஊத்தினதுதான், திருப்பிக் கேக்க முடியாது.” அந்த மார்ச் 23 இனி என் பையனுக்கு மறக்காது. பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சுடச்சுட உளுந்து வடை கொண்டுவந்த அக்காவுக்கும், சக்கர நாற்காலியைத் தள்ளிய அண்ணனுக்கும் நன்றி.

அடுத்தது குரூனவால்ட் ரயில் நிலையத்தின் 17ஆம் தடம். 1941 அக்டோபர் முதல் பெர்லின் யூதர்களை ரயிலேற்றி நாடுகடத்திய இடம். வர நினைப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள். இந்த முறை வாசலைச் சரிபார்த்துவிட்டே எழுதுகிறேன். ஒரு நீலக் குடை எங்கள் வீட்டில் இருக்கிறது, யாருடையது?