உன் உலையும் என் கணக்கும்

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள முருகேசனுக்கு,

பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்கள் ஆலையின் கரியமில வாயு உமிழ்வுக் குறைப்பு இலக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்று மாதமாக அதிலேயே மூழ்கியிருக்கிறேன்.

எவ்வளவு குறைக்க முடியும் என்று ஒவ்வொரு பிரிவையும் கேட்டு, வந்ததைக் கூட்டி, அதையே இலக்காக அறிவிக்க இருந்தோம். அறிவியல் சார்ந்த முறையோ, புவி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் ஏறாதிருக்க உலகம் இன்னும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்பதில் தொடங்கி, ஒரு நிறுவனம் குறைக்க வேண்டிய வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறது. நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்க 2015இல் தொடங்கிய எஸ்பிடிஐ அமைப்பின் பொது வழிமுறைப்படி, சொந்தமாக எரிக்கும் எரிபொருளுக்கும் (முதல் வகை) வாங்கும் மின்சாரத்துக்கும் (இரண்டாம் வகை) சேர்த்து, 2020ஐ அடிப்படையாகக் கொண்டால் 2030க்குள் 42 சதவீதம் குறைய வேண்டும். எங்கள் கூட்டல் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மரம் நட்டு நேர்செய்துவிடலாம் என்றார் ஒருவர். அந்த இலக்கில் அது கணக்கில் சேராது.

உதிரிபாகம் ஒன்றுக்கு இவ்வளவு என்று இலக்கு வைக்கலாமே என்று நிதிப்பிரிவில் கேட்டார்கள். பாகத்துக்கு 30 சதவீதம் குறைத்துவிட்டு உற்பத்தியை இரட்டிப்பாக்கினால், மொத்த உமிழ்வு 40 சதவீதம் கூடிவிடும் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். நாடே நிகர பூச்சியத்துக்கு, அதாவது வெளியிடுவதும் அகற்றுவதும் சமமாகும் நிலைக்கு, 2070ஐத்தானே அறிவித்திருக்கிறது, நமக்கென்ன அவசரம் என்றார்கள். வளரும் ஆலைக்கு அது நியாயமான கேள்விதான். ஆனாலும் வளிமண்டலம் பாகங்களை எண்ணுவதில்லையே.

மின்சாரத்துக்கு வழியிருக்கிறது. தென்மாவட்டக் காற்றாலைகளோடு ஒப்பந்தம் போடலாம், காற்றில்லாத மாதங்களுக்குச் சூரிய மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். உறக்கத்தைக் கெடுப்பது மூன்றாம் வகை, அதாவது நாங்கள் வாங்கும் உருக்கிலும் வார்ப்படங்களிலும் ஏற்கெனவே அடங்கியிருக்கும் உமிழ்வு. மொத்தத்தில் அது 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதற்கும் இலக்கு வைத்தாக வேண்டும். எங்களுக்கு அது அதைவிட மிக அதிகம். உன் வார்ப்படங்களை நாங்கள் வாங்குவதால், உன் உலையில் எரியும் எரிபொருள், அதாவது உன்னுடைய முதல் வகைதான் எனக்கு மூன்றாம் வகை. விலையை ஒரு பைசாகூட உயர்த்தாமல், உலையை மாற்று என்று கோவையின் சிறு பட்டறைகளுக்குக் கடிதம் அனுப்புவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கடிதத்தின் வரைவு இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு உதவி செய். இரும்பை உருக்கும் உன் குப்போலா உலைக்குச் சென்ற ஆண்டு வாங்கிய கோக்கின் (நிலக்கரியிலிருந்து செய்யும் எரிபொருள்) அளவையும், வார்த்த இரும்பின் டன் கணக்கையும், மின்கட்டண ரசீதுகளையும் அனுப்பி வை. மின்சாரத்தால் உருக்கும் இண்டக்ஷன் உலைக்கு மாற என்ன செலவாகும் என்று நீ விசாரித்ததாகச் சொன்னாயே, அந்த விலைப்புள்ளியும் வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகே வரைவில் கையெழுத்திடுவேன்.

அன்புடன்,
சீனிவாசன்