பிரைமர் இறங்கவில்லை என்றாய்

தங்கச்சிமடம்,
மே 20

அன்பு மகள் ரோசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையும் சின்னவனும் சுகம்தானே?

போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் நீ போன் பண்ணி, "அப்பா, பிரைமர் சரியா ஃபீட் ஆகமாட்டேங்குது" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. "ஃபில்டர் மேல ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஏர் எடு தாயி, நுரை நிக்கிற வரைக்கும் அடி" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உன் மகன் முழித்துக்கொண்டான். நாற்பது வருஷமாக எனக்குப் பிரைமர் என்றால் ஃபீட் பம்பு தலையில் இருக்கிற கைக்குமிழ்தான். டெக்சாஸில் உன் ஷெட்டில் நிற்கிற, காலித் தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்புகிற மெஷினில், பவுடரைப் பற்றவைக்கிற பிரைமரைச் சொல்கிறாய் என்று புரிய ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது.

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15-இல் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. ஆனால் எனக்கு இதுதான் சீசன். இந்த 61 நாளுக்குள் படகு வைத்திருக்கிற எல்லாச் சம்மாட்டிக்கும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியாக வேண்டும். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள். நீ அனுப்பிய வீடியோவை மட்டும் நாலு தடவை பார்த்துவிட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

போன வருஷம் உன் பேறுகாலத்துக்கு நான் அங்கே வந்து ஆறு மாசம் இருந்தபோது அந்த மெஷின் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பிடியை இழுத்தால் மேலே ஊசி பழைய பிரைமரைத் தள்ளிவிடும். அதே நேரம் கீழே சறுக்குப் பட்டை பின்னால் போய், பிரைமர் அடுக்கிய குழாய்க்கு அடியில் நின்று புதிதாக ஒன்றை வாங்கும். கைப்பிடி திரும்பும்போது பட்டை முன்னால் வரும். கடைசியாக முன்னுக்கு ஒரு தள்ளு, பிரைமர் கூட்டுக்குள் ஏறி உட்காரும். நாலரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கிண்ணம். தீபாவளிக்கு நீ கல்லில் வைத்துத் தட்டுவாயே பொட்டு வெடி, அதற்குப் பித்தளைச் சட்டை போட்ட மாதிரி. அடியில் ஒற்றை ஓட்டை உள்ள கூட்டுக்கு பாக்ஸர் என்றும், ரெட்டை ஓட்டைக்கு பெர்டன் என்றும் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்ததை அமெரிக்காவும், அமெரிக்காக்காரர் கண்டுபிடித்ததை ஐரோப்பாவும் எடுத்துக்கொண்டது நல்ல வேடிக்கை. ரெட்டை ஓட்டைக் கூடு தப்பித் தவறிக் கலந்துவிட்டால் ஊசி முறியும், பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நூறில் ஏழெட்டு பிரைமர் இறங்காமல் விடுகிறது, அதுவும் குழாய் காலியாகிற நேரத்தில்தான் அதிகம் என்றாய். இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். எது விடுகிறது என்பதைவிட எப்போது விடுகிறது என்பதைத்தான் மெக்கானிக் முதலில் கேட்பான். குழாய் நிறைய இருக்கும்போது மேலே இருக்கிற பிரைமர்களின் கனமே அடியில் உள்ளதை அமுக்கிக் கீழே இறக்கும். பத்துப் பதினைந்து மிச்சம் என்றால் கனம் ஏது? அதற்குத்தானே அடுக்கின் தலைமேல் ஒரு நீளக் கம்பி உட்கார்ந்திருக்கும். வீடியோவில் அந்தக் கம்பியைக் காணோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், இல்லை.

உன் அம்மாவிடம் கேட்டேன். "பிரைமர் தீரப்போகுதுன்னா அந்தக் கம்பி இறங்கி பஸ்ஸர் கத்துமாம், புள்ள முழிச்சுக்கிறான்னு கழட்டிப்புட்டாளாம்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ரெண்டாவது கோளாறு, முதல் கோளாறு பெற்ற பிள்ளை. பிரைமர் விழாத கூட்டை நீ கவனிக்காமல் அடுத்த நிலைக்குத் திருப்பியிருக்கிறாய். அங்கே பவுடர் விழும். அடியில்தான் ஓட்டை திறந்து கிடக்கிறதே, நாழிகைக் கண்ணாடியில் மணல் இறங்குவதுபோல் இறங்கிவிடும். வீடியோவில் தட்டுக்கு அடியில் மிளகுத்தூள் சிந்தினது மாதிரி கிடப்பது அதுதான். அந்தத் தூள் சறுக்குப் பட்டை ஓடுகிற தடத்தில் போய் உட்கார்ந்தால், பட்டை ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். குழாய்க்கு நேராகக் குழி வராது. ஆக முதல் பிரைமர் விட்டது கம்பி இல்லாததால், அடுத்தது விட்டது முதல் பிரைமர் விட்டதால். நீ பட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு படகு நடுக்கடலில் நின்று நின்று ஓடியது. கரைக்கு இழுத்து வந்தபின் பம்பைக் கழற்றி, பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்தேன். ஒரு பகல் முழுக்கப் போயிற்று. கடைசியில் பார்த்தால் டீசல் டாங்குப் பக்கத்துக் காப்பர் வாஷர். பழசையே திருப்பிப் போட்டிருந்தார்கள், அது வழியாகக் காற்று இழுத்திருக்கிறது. அந்தப் பழசைப் போட்டது யார் தெரியுமா? நான்தான். போன மாசம்.

தடத்தைத் துடைக்கிறேன் என்று எண்ணெய் கிண்ணத்தைத் தூக்காதே. எனக்கே கை அரிக்கும், நம்ம உப்பங்காற்றில் கிரீஸ் இல்லாமல் ஒரு நட்டுகூட உயிரோடு இருக்காது. ஆனால் அங்கே எண்ணெய் பட்டால் தூள் ஒட்டிப் பசையாகும், பிரைமருக்குள் ஊறினால் அது வெடிக்காமலும் போகலாம். காய்ந்த பிரஷ், காய்ந்த துணி, அவ்வளவுதான்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் குழாயின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார். விளிம்பு தேய்ந்தோ பிசிறு தட்டியோ இருந்தால் மாற்று, சல்லிக் காசு சாமான். பட்டையில் இருக்கிற குழியின் ஆழத்தையும் பார். ஆழம் குறைந்தால் பிரைமர் தலை நீட்டிக்கொண்டு மூக்கில் இடிக்கும். கூடினால் அடுத்த பிரைமரும் பாதி இறங்கிக் குறுக்கே மாட்டும். ராணுவக் கூடுகளில் பிரைமர் கஷ்டப்பட்டு ஏறுகிறது என்றாயே, அது வேற கதை. அதில் பழைய பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க விளிம்பை நெரித்திருப்பார்கள், அந்த நெரிப்பை விரித்த பிறகுதான் புதிது போகும். இறங்காததையும் ஏறாததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இனி திட்டப் போகிறேன். வீடியோவில் மாட்டிக்கொண்டபோது நீ ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் குழாய்க்குள் மேலிருந்து குத்தினாய். குத்தினாயா இல்லையா? அந்தக் குழாயைச் சுற்றிக் கனமான இரும்பு உறை எதற்குப் போட்டிருக்கிறான்? ஒன்று வெடித்தால் மொத்த அடுக்கும் சேர்ந்து வெடிக்கும் என்றுதான். நம்ம கரையில் வெடி போட்டு மீன் பிடித்த காலத்தில் மூன்று விரலைக் கொடுத்தவர் ஒருத்தர் நம்ம தெருவிலேயே இருந்தார். சின்ன வயதில் அவர் உனக்குப் பனங்கிழங்கு உரித்துக் கொடுப்பார், மிச்ச ரெண்டு விரலால். மறந்துவிட்டாயா?

மாட்டினால் கையை எடு. கண்ணாடி போடு. பவுடர் டப்பாவை அறையை விட்டு வெளியே வை. குழாயில் மிச்சம் இருக்கிறதைத் தட்டில் மெதுவாக இறக்கு. வரவில்லை என்றால் தட்டாதே, சூடு காட்டாதே, கம்பெனிக்குப் போன் பண்ணு. கைப்பிடி வழக்கத்தைவிடக் கனத்தால் அதை மேலும் அமுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

அப்புறம், பிரைமர் மருந்தில் ஈயம் இருக்கிறது. பழைய பிரைமர் விழுகிற கிண்ணத்துக் கரியிலும் அது இருக்கும். ஷெட்டிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல், சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதே. பால் கொடுக்கிறவள் நீ.

இங்கே ஒருத்தரிடமும் நீ தோட்டா செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். மக என்ன பண்றா என்று கேட்கிறவர்களிடம் மெஷின் ரிப்பேர் பண்றா என்கிறேன். பொய் இல்லையே.

கம்பியைத் திரும்பப் போடு. பஸ்ஸர் கத்துகிறது என்றால் அதன் பேட்டரியை மட்டும் கழற்று, கம்பி இருக்கட்டும். கத்துவதற்கு ஆள் இல்லை என்பதால் குழாய்க்கு நூறு என்று நீயே எண்ணிக்கொள். தடத்தைத் துடைத்துவிட்டு ஒரு குழாய் முழுக்க ஓட்டிப் பார்த்து, எத்தனை விட்டது, எத்தனையாவதில் விட்டது என்று எழுது. சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு, பகலில் எஞ்சின் சத்தத்தில் காது கேட்காது.

அம்மா நெத்திலிக் கருவாடும் ஓரியூர் அருளானந்தர் கோயில் மண்ணும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். மண்ணை கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள், நீயே சொல்லு.

இப்படிக்கு,
அப்பா