சூதாட்டத் தரவை வாங்குமுன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ஆன்லைன் பந்தய நிறுவனம் ஒன்று வாடிக்கையாளர் கணக்குப் பதிவுகளை உங்கள் ஆய்வுக்குத் தர முன்வந்திருப்பதாகவும், வாங்கலாமா வேண்டாமா என்று குழுவில் சண்டை நடப்பதாகவும் எழுதியிருந்தாய். வாங்கு என்பேன். ஆனால் அட்டவணையில் எந்தெந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) தருவது என்று முடிவு செய்யும் வேலையை மட்டும் அவர்களிடம் விட்டுவிடாதே. பாதி முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட தரவுக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2005 பிப்ரவரியில் பிவின் என்ற ஆன்லைன் பந்தயத் தளத்தில் கணக்குத் தொடங்கிய 40,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஹார்வர்டைச் சேர்ந்த குழு ஆராய்ந்து 2007 முதல் கட்டுரைகளாக வெளியிட்டது. எவ்வளவு விட்டோம் என்பதில் ஆளுக்கு ஆள் ஞாபகம் சறுக்கும், சர்வர் மறக்காது. அந்தத் தரவில் பெரும்பாலானோர் கொஞ்சமாகத்தான் ஆடினார்கள், உச்சியில் இருந்த 1% பேர் முற்றிலும் வேறு உலகத்தில் இருந்தார்கள். அதனால் கோப்பு வந்ததும் சராசரியைப் போடாதே. நடுமதிப்பு, மேல் 5%, மேல் 1% என்று பிரித்துப் பார்.

அடுத்த குழி, எந்தத் தொகையை எண்ணுகிறோம் என்பது. ஒருவர் 20 பவுண்டு போட்டு, ஜெயித்ததையே திரும்பத் திரும்பக் கட்டினால் மொத்தப் பந்தயத் தொகை 300 ஆகிவிடும். டெபாசிட் 20, பந்தயம் 300, நிகர நஷ்டம் வேறொரு எண். மூன்றையும் தனித்தனியாகக் கேள். நிறுவனம் ஆடச்சொல்லி இலவசமாகத் தரும் போனஸ் பணத்தை இன்னொரு பத்தியில் கேள், இல்லாவிட்டால் நஷ்டம் குறைவாகத் தெரியும். ஸ்லாட் எனும் சக்கரம் சுழலும் ஆட்டத்தில் 'திரும்பக் கிடைப்பது 96%' என்று போட்டிருப்பதைப் படிப்பவர், போட்ட நூறில் 96 கைக்கு வரும் என்று நினைக்கிறார். அது ஒவ்வொரு சுற்றுக்குமான நீண்டகாலக் கணக்கு. பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட் சுற்றுக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆக வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. விடாமல் ஆடினால் மணிக்கு 1,440 சுற்று. சுற்றுக்கு 1 பவுண்டு என்றால் எதிர்பார்க்கும் நஷ்டம் 57.6 பவுண்டு. சுற்றை 5 விநாடியாக்கினால் அதில் பாதி. வேகமும் ஒரு விலைதான். சுற்றுக்குச் சுற்று நேரக்குறி இல்லாத தரவில் அது தெரியவே தெரியாது.

நிறுவனங்கள் வழக்கமாக நாள்வாரி மொத்தத்தைத்தான் தரும். இரவு 11 முதல் 3 வரை ஆடியவர் அதில் இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஆடியவராகிவிடுவார். விட்டதைப் பிடிக்க ஓடுபவரை அடையாளம் காட்டுவது வரிசைதான்: தோல்வி, சில நிமிடத்தில் இன்னொரு டெபாசிட், வங்கி மறுத்த டெபாசிட், எடுக்கக் கேட்ட பணத்தை ரத்து செய்து மறுபடி ஆடியது. மறுக்கப்பட்ட டெபாசிட்டும் ரத்தான பணமெடுப்பும் கேட்காமல் வராத பத்திகள். கேள். அந்த வாடிக்கையாளருக்கு அனுப்பிய விளம்பரச் செய்திகளின் நேரத்தையும் கேள். அதற்குத்தான் மிக அதிகமாகத் தயங்குவார்கள்.

ஆபத்தில் இருப்போரைக் கண்டுபிடிக்கும் கணிப்பு மாதிரி ஒன்றைச் செய்து தருகிறோம் என்று நிறுவனத்தார் சொல்கிறார்களே, அதன் விடைத்தாள் என்ன, அதாவது யாரை ஆபத்தில் இருப்பவராக எடுத்துக்கொள்கிறார்கள் என்று விசாரி. அநேகமாக சுயவிலக்குதான் இருக்கும், அதாவது 'என்னை ஆடவிடாதே' என்று தானே கேட்டுக் கணக்கை அடைத்துக்கொள்வது. தொல்லை மின்னஞ்சல் தாங்காமல் விலகியவரும் அதில் இருப்பார், வீட்டை அடகு வைத்தும் விலகாதவர் இருக்க மாட்டார். அடிப்படை விகிதமும் ஏமாற்றும். 10,000 பேரில் 100 பேருக்கு உண்மையில் பாதிப்பு என்று வை. 80% பேரைச் சரியாகப் பிடித்து, மற்றவர்களில் 10% பேரைத் தவறாக ஆபத்து என்று குறிக்கும் மாதிரி 80 பேரையும் கூடவே 990 பேரையும் காட்டும். நூற்றுக்கு ஏழெட்டுதான் தேறும். மென்மையான எச்சரிக்கை அனுப்ப இது போதும், கணக்கை முடக்கப் போதாது.

டெபாசிட் வரம்பு வைத்தவர்களின் நஷ்டத்தை வைக்காதவர்களோடு ஒப்பிட்டு 'கருவி வேலை செய்கிறது' என்று எழுதிவிடாதே. வரம்பு வைப்பவர் ஏற்கெனவே கவலைப்பட ஆரம்பித்தவர். பின்லாந்து வாடிக்கையாளர்களிடம் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து நடத்திய சோதனை 2019இல் வந்தது: வரம்பு வைக்கச் சொல்லித் தூண்டியதும் வைத்தவர்கள் கூடினார்கள், நிகர நஷ்டத்தில் வித்தியாசம் இல்லை. ஒரு தளத்தில் வரம்பு முட்டினால் பக்கத்துத் தளம் திறந்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் தரவில் அந்த ஓட்டம் 'ஆட்டம் குறைந்தது' என்று பதிவாகும். நார்வே 2007 ஜூலையில் ஸ்லாட் இயந்திரங்களை நாடு முழுக்க எடுத்தது. அங்கே மொத்த ஆட்டமும் பிரச்சினையும் குறைந்ததைக் கணக்கெடுப்புகளில் பார்க்க முடிந்தது. அது நிறுவனத் தரவில் கிடைக்காத விடை.

அதற்காகக் கணக்கெடுப்பைக் கண்ணை மூடி நம்பவும் கூடாது. சூதாட்டப் பிரச்சினையின் தீவிரத்தை அளக்கும் பிஜிஎஸ்ஐ அளவுகோலில் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 8ஐத் தொட்டால் பிரச்சினைச் சூதாட்டம். 2018இல் இங்கிலாந்தின் நேர்முக உடல்நலக் கணக்கெடுப்பு 8ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 0.4% என்றது. பிரிட்டனின் புதிய சூதாட்டக் கணக்கெடுப்பு 2023க்கு 2.5% என்றது. ஆட்கள் அத்தனை மாறிவிடவில்லை. ஒன்றில் வீட்டுக்கு ஆள் வந்தார், இன்னொன்றில் சூதாட்டம் பற்றிய அழைப்பு தபாலில் வந்து இணையத்திலோ தாளிலோ பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆடாதவர் அதைப் பிரிக்காமலே போட்டுவிடலாம், ஆடுபவர் முன்பின் தெரியாதவர் எதிரே பொய் சொல்லலாம். உண்மை எந்தப் பக்கம் நெருக்கம் என்ற வாக்குவாதம் தீரவில்லை. நீங்கள் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு போக்கை மட்டும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதே. வெளியிடும் முடிவு உங்களுடையது, அவர்களுக்கு 30 நாள் படிக்க அனுமதி மட்டும். ஆய்வுத் திட்டத்தைத் தரவு வருமுன்பே பதிவு செய்வது. மூல வரிசைகள் உங்கள் சர்வரில், அடையாளம் நீக்கிய நிலையில். ஆய்வுக்கான காசு அவர்களுடையது என்பதில் எனக்குப் பெரிய கூச்சம் இல்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் நிறுவனங்களிடம் கட்டாய வரியாக வாங்கி, அதில் 20% ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கி, நிறுவனத்துக்கும் ஆய்வாளருக்கும் நடுவே இடைவெளி ஏற்படுத்தியிருக்கிறார்கள். உனக்கு அந்த வசதி இல்லாததால் இந்த மூன்று வரிகள்.

தரவு விளக்கக் கையேட்டை வாங்கி எனக்கு அனுப்பு. மறுத்த டெபாசிட்டுக்கு அதில் பத்தி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
முரளி