படமாக வரும் அறிவிப்பு

ஆசிரியருக்கு,

மும்பை மாநகராட்சியின் குடிநீர் நிறுத்த அறிவிப்புகள் சமூக ஊடகங்களில் உடனுக்குடன் வெளியாவதைப் பாராட்டிய தங்கள் தலையங்கம் படித்தேன். வேகம் சரி, வடிவம்தான் கோளாறு. கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து படமாகவே ஏற்றுகிறார்கள். திரையிலுள்ள எழுத்தைப் பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அதில் பெரும்பாலும் ஊமையாகிவிடும், தேடினாலும் சிக்காது. தாராவியில் அதே படம் வாட்ஸ்அப்பில் கைமாறிச் சுருங்கியபின், 3 மணியா 8 மணியா என்றே தெரிவதில்லை. மராத்தி அறிவிப்பு எழுத்தாக இருந்தால் நகலெடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டித் தமிழில் படிக்கலாம். மங்கிய படத்தில் செயலியும் தடுமாறும். (பார்வையற்றோரும் அணுகும் வடிவில் தகவல் தரச் சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது!) பகுதி, தேதி, நேரம் மூன்றையும் பதிவிலேயே தட்டச்சு செய்யட்டும். எக்ஸ் தளத்தில் படத்துடன் அதில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று விவரமும் 1,000 எழுத்துகள் வரை சேர்க்கலாம். ஸ்கேன் தாள் இணைப்பாக இருந்தால் போதும்.

- வாசகர், தாராவி, மும்பை