மகளிர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, காசிமேடு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தெருவில் தேங்கும் மழைநீர் குறித்து மாநகராட்சிக்கு இருமுறை மனு கொடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பற்றி.

முந்தைய ஆண்டு ஒரு முகாமுக்கு நம் உறுப்பினர்களை அழைத்துப் போயிருந்தேன். வகுப்பறை ஒன்றில் மேசை போட்டு, கயிற்றில் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது விலகிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுப்பை அணைத்தேனா என்று தெரியவில்லை" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவரை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தைத் தாண்டினாலும் நேரம் வாய்ப்பதில்லை. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், கூடையைக் காலி செய்துவிட்டு வருவதற்குள் சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுகிறது.

அதனால்தான் இவ்வாண்டு மகளிர் மருத்துவர் ஒருவரை அழைத்து, நாமே மாதிரி எடுக்கும் முறையைக் கேட்டறிந்தோம். நுனியில் மென்மையான தூரிகை உள்ள ஒரு குச்சியை எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிறப்புறுப்பினுள் செலுத்திச் சில முறை சுழற்றி, குழாயில் போட்டு மூடினால் போதும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் அதில் இருக்கிறதா என்று ஆய்வகம் பார்க்கும். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு இது ஏறக்குறைய இணையானது. உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் இதை ஏற்றிருக்கிறது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ குச்சிக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும் என்று இருமுறை அழுத்திச் சொன்னார்.

"வைரஸ் இருந்தால் புற்றுநோயா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். இல்லை. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். தங்கிவிட்டாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால், மாறிய திசுவைச் சூடு வைத்தே அகற்றிவிடலாம். ஆனால் முடிவைக் கேட்டுப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டால் சோதனை செய்து பயனில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான். ஆகவே வைரஸ் இருப்பதாக முடிவு வரும் ஒவ்வொருவருடனும், ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ஆனாலும் ஸ்டான்லி மருத்துவமனை ஆனாலும், சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே போவது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அப்படிக் கூடப் போகிறவரின் பஸ் செலவைச் சங்கம் ஏற்கும். கேட்டதை வெளியில் பேசுவதில்லை என்று அவர் உறுதி தர வேண்டும்.

இக்குச்சிகளை நம் பகுதிச் சுகாதார நிலையத்தில் மாலை வேளையிலும் வழங்கக் கோரும் மனு மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள், கைநாட்டு வைப்பவர்களுக்கு மை வைத்திருக்கிறோம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்