காது மெத்தைக்கும் உதிரிபாக விலைப்பட்டியல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஹெட்ஃபோன்கள், மின்பகுதியில் எந்தப் பழுதும் இல்லாத நிலையிலேயே மூலையில் போடப்படுகின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக நுகர்வோர் நலத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கடைகளில் இயர் பேட் என்று சொல்லப்படும் காது மெத்தை கிழிந்துபோவதும், அதற்குச் சரியான மாற்று எளிதில் கிடைக்காததுமே இதற்குக் காரணம்.

இந்த மெத்தைகளில் பல, நுரையின் மேல் பாலியூரித்தேன் பூசிய துணியைப் போர்த்திச் செய்யப்படுபவை. தோல் போலவே தோன்றும் இப்பூச்சு, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதைகிறது. வெப்பம் கூடினால் சிதைவும் விரைவுபடும் என்பதால், பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அது உதிரவே செய்யும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தோடு வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்துகொள்ள, கறுப்புச் செதில்கள் காதோரத்திலும் சட்டைக் காலரிலும் ஒட்டத் தொடங்குகின்றன. ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது பூச்சை மேலும் கெடுக்கும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மெத்தை காதுக்கு இதம் தருவதற்காக மட்டுமே இருக்கிறது என்ற எண்ணம் விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் உள்ளது. காதுக்கும் ஒலியெழுப்பும் டிரைவருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், நடுவில் எவ்வளவு காற்று அடைபட்டிருக்க வேண்டும், அதில் எவ்வளவு கசியலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த மெத்தைதான். நுரை அமுங்கிவிட்டால் காது டிரைவரை நெருங்கிவிடுவதால் ஒலியின் சமநிலை மாறுகிறது. வெளிப்புறம் அடைக்கப்பட்ட மூடிய வகை ஹெட்ஃபோனில் மெத்தை கிழிந்து காற்று கசிந்தால் முதலில் மெலிவது கீழ்ச்சுருதி. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கும்போதே, இடப்பக்கமான தொப்பியின் தாழ்ந்த ஒலி வற்றிப்போயிருக்கும். புறவோசையைத் தணிக்கும் வகைகளிலோ, உள்ளே வைத்த மைக் குறிப்பிட்ட மெத்தையின் அடைப்பைக் கணக்கில் கொண்டே சீரமைக்கப்பட்டிருப்பதால், அடைப்பு தளர்ந்தால் ஓசைத் தணிப்பும் குன்றுகிறது. டப்பிங் கூடத்திலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் இத்தகைய ஹெட்ஃபோனை நம்பி ஒலியின் அளவைத் திருத்துபவர், இல்லாத குறையைத் திருத்திக்கொண்டிருப்பார்.

ஆகவே, அளவு பொருந்துகிறது என்பதற்காக எந்த மெத்தையையும் மாட்டிவிட முடியாது. வெல்வெட் போன்ற துணி மெத்தை காற்றைச் சற்றுக் கசியவிடும். தோல் மெத்தை அடைத்துப் பிடிக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டினால் அதே ஹெட்ஃபோன் வேறொரு ஹெட்ஃபோன் போல ஒலிக்கும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொதுவகை மெத்தைகளில் நுரையின் தடிமனோ உள்துளையின் அகலமோ குறிக்கப்பட்டு நான் பார்த்தது அரிது. அவற்றை விற்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அசல் உதிரி கிடைக்காத இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள், அவ்வளவுதான்.

மெத்தையைக் கழற்றி மாட்டும்படி வடிவமைப்பது கடினமான தொழில்நுட்பமும் அன்று. 1997-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 600-இல் பழைய மெத்தையை விரலால் பற்றி இழுத்தால் கழன்றுவிடும்; புதியதை விளிம்பைச் சுற்றி அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். ஒலிப்பதிவாளர்கள் 1991 முதல் பயன்படுத்திவரும் சோனி எம்டிஆர் 7506-இல் மெத்தையின் உதட்டை இழுத்து, டிரைவர் பொருத்தப்பட்ட கிண்ணத்தின் விளிம்பில் செருகினால் போதும். 2020-இல் ஆப்பிள் வெளியிட்ட ஏர்பாட்ஸ் மேக்ஸில் மெத்தை காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. இவை நடைமுறையில் இருக்கும்போது, மெத்தையைப் பசையிட்டு ஒட்டிவிட்டு, உதிரி கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் புதிய மாடலுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லும் சேவை மையங்களின் போக்கை ஏற்க முடியவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதன் வரம்பில் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பொதுவாகப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைத்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. பேட்டரிக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்காவது, பல வேளைகளில் அதற்கும் முன்பே தேய்ந்துவிடும் மெத்தைக்குக் கிடைக்க வேண்டும். இந்தியாவில் ஹெட்ஃபோன் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாடலுக்கும் உரிய காது மெத்தையின் உதிரி எண், விலை, விற்பனை நின்ற பிறகு எத்தனை ஆண்டுகள் அது கிடைக்கும் என்ற உறுதி ஆகியவற்றை அந்த இணையதளத்தில் வெளியிடத் துறை வகைசெய்ய வேண்டும். டிரைவரின் முன்னே தூசி தடுக்கும் மெல்லிய நுரைத் தகடும் காலப்போக்கில் பொடிந்துவிடுவதால், அதையும் மெத்தையோடு சேர்த்தே விற்கலாம்.

புதிய மின்னணுச் சாதனங்களை அறிமுகப்படுத்தும் கட்டுரைகளில், விலையோடும் பேட்டரி நேரத்தோடும் மெத்தை கழலுமா, தனியே கிடைக்குமா, என்ன விலை என்ற விவரங்களையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை.