யாரும் என்னைத் திட்டுவதில்லை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
ஞாயிறு இரவு

அன்புள்ள விமலா,

உன் அண்ணன் மகளிடம் நீ கொடுத்தனுப்பிய சாக்லேட் மூன்றே நாளில் தீர்ந்தது. கூட வைத்திருந்த பிரெஞ்சுப் பத்திரிகை மட்டும் இன்னும் என் தையல் கடை மேசையில் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் புரட்டுகிறார்கள். கழுத்து டிசைன் பார்க்க மொழி எதற்கு?

அதில் ஒரு விளம்பரத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்துத் தெரு சொல்தா வீட்டுப் பெரியவரிடம், அதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரிடம், காட்டினேன். 'திருத்தப்பட்ட புகைப்படம்' என்று போட்டிருக்கிறதாம். 2017 அக்டோபரிலிருந்து உங்கள் பிரான்சில் அது சட்டமாமே? மாடலின் இடுப்பைக் கம்ப்யூட்டரில் சுருக்கினால் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் 37,500 யூரோ அபராதம். ஆனால் விளம்பரத்துக்கு மட்டும்தானாம். பேட்டிப் பக்கத்து நடிகைக்கு அது கிடையாது. என் கடைக்கு வெட்டியெடுத்துக்கொண்டு வருவதே அந்தப் பேட்டிப் பக்கத்தைத்தான்!

முப்பது வருடமாக ஊசியும் நூலுமாக இருக்கிறேன். முன்பெல்லாம் நடிகை படத்தைக் காட்டி "இதே மாதிரி கை வேண்டும்" என்பார்கள். தைத்துக் கொடுத்தது அப்படி வரவில்லை என்றால் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். "துணியைக் கெடுத்துட்டியே" என்று ஒரு அம்மா மணிக்கூண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது உனக்கும் நினைவிருக்கும். இப்போது யாரும் என்னைத் திட்டுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "என் கை பெருத்துப் போச்சு அக்கா, உங்க மேல தப்பில்ல" என்கிறார்கள். அந்தத் திட்டே தேவலை என்று இருக்கிறது. எனக்கல்லவா தெரியும், படத்தில் அந்த பிளவுஸ் அவ்வளவு கச்சிதமாக நிற்பதற்கு முதுகுப் பக்கம் வரிசையாகப் பின் குத்தியிருப்பார்கள் என்று. துணி இழுபடுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் படத்தில் இருக்கிறவளுக்கே அந்த பிளவுஸ் சரியாக இருக்காது!

போன வாரம் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். ஆரி வேலைப்பாட்டோடு பிரின்சஸ் கட். டேப் இடுப்பைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். இதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. "வீட்ல என்ன சமையல்?" என்று கேட்பேன். பதில் சொல்ல மூச்சை விட்டாக வேண்டுமே, அப்போது அளவைக் குறித்துக்கொள்வேன். இவள் சொன்ன பதில்தான் என்னை உலுக்கியது. பத்து நாளாக மத்தியானம் சாப்பிடுவதில்லையாம். 'குழந்தை பெற்ற மூன்றே மாதத்தில் பழைய உடம்பு' என்று ஒரு நடிகையைப் பற்றிப் போட்டிருந்ததாம். "அவங்களே அப்படின்னா, எனக்கு என்ன கேடு?" என்கிறாள். அந்த நடிகைக்குச் சமைக்க ஓர் ஆள், உடற்பயிற்சிக்கு ஓர் ஆள், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள். அதை எவன் போடுகிறான்?

நம் காலத்தை நினைத்துக்கொண்டேன். அப்போது அட்டைப்படத்தில் எல்லாம் பூசினாற்போல இருந்த நாயகிகள். நான் ராணி மாதிரி திரிந்தேன். நீ ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கி, பாவாடைக்குள் இன்னொரு பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாய். தினமும் பழைய சோறும் வாழைப்பழமும் தின்றும் சதை பிடிக்கவில்லை என்று அழுதாயே. அப்புறம் 2008 வாக்கில் இந்தி நடிகை கரீனா கபூர் 'சைஸ் ஸீரோ', அதாவது குச்சி உடம்பு, என்று பேச்சு கிளம்பியது. எல்லாரும் புகழ்ந்த என் உடம்பு, நான் ஒன்றும் செய்யாமலே குற்றவாளி ஆகிவிட்டது.

சின்னவள் உளவியல் படிக்கிறாள் அல்லவா, அவள் ஒன்று சொன்னாள். நம் ஜனங்கள் கரும்பு வெட்டப் போன அதே பிஜியில், பூர்வகுடிகளிடம் சதைப்பிடிப்பான உடம்புக்குத்தான் மரியாதையாம். இளைத்துப் போனால் கவனிக்க ஆளில்லையோ என்று கவலைப்படுவார்களாம், நம் ஆயா மாதிரி. 1995இல் அங்கே ஒரு பகுதிக்கு டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிப் பெண்களிடம் அப்போது ஒரு தடவையும் 1998இல் ஒரு தடவையும் கேட்டார். எடை குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்திகூடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை 100க்கு 11 பேர். மூன்றே வருடம், விமலா!

'திருத்திய படம்' என்று சீட்டு ஒட்டியும் பெரிய பலன் இல்லையாம். எந்த இடத்தைத் திருத்தினார்கள் என்று எழுதினால், பெண்கள் அந்த இடத்தையே உற்றுப் பார்க்கிறார்களாம். சரி, நான் மட்டும் யோக்கியமா? கடைக்கு சினிமா பத்திரிகை வாங்கிப் போடுவது நான்தான். காத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா?

அந்தப் பெண்ணுக்கு உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து பிரிக்க வருவாள்.

மாசி மகத்துக்கு வருகிறாயாமே? வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சேர்ந்து போவோம். பழைய அளவு பிளவுஸைக் கொடுத்தனுப்பாதே, வந்த பிறகு நானே அளவெடுக்கிறேன். மூச்சை இழுத்துப் பிடித்தாயோ, டேப்பாலேயே ஓர் அடி விழும்.

உன்,
செல்வி